ஊசி குத்திய இரவைப் பற்றி

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வயிற்றைப் புரட்டுகிறது என்று உன் அம்மா சொன்னாள். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிடு. வயிற்றுக்கென்று ஜெலுசில் மாதிரி எதையும் அதோடு சேர்த்துக் குடிக்காதே, மாத்திரையில் இருக்கும் டோலுடெக்ராவிரை அது உடம்பில் சேரவிடாது. சத்து மாத்திரை, கால்சியம் போடுவதாக இருந்தாலும் ஏ.ஆர்.டி. சென்டரில் கேட்டுக்கொண்டு போடு. என்ன ஆனாலும் நடுவில் நிறுத்தாதே. 28 நாளும் போட்டால்தான் அது மருந்து.

ஊசி குத்திய அன்று போனில் பேசியதெல்லாம் அவசரத்துக்குப் பேசியது. சோப்புப் போட்டுக் கழுவு, விரலைப் பிதுக்காதே, ஸ்பிரிட் ஊற்றாதே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை, எப்படியும் 72 மணி நேரத்தைத் தாண்டவிடாதே என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீயும் விடிவதற்குள் போய் வாங்கிப் போட்டுவிட்டாய். கெட்டிக்காரி. ஆனால் போனை வைக்கும் முன் ஒன்று சொன்னாய்: "எல்லாம் என் கவனக்குறைவுதான் பெரியம்மா, ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்." அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் அழுவாய், நானும் விட்டுவிடுவேன்.

நீ சொன்னதை அப்படியே வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஆண்கள் மெடிக்கல் வார்டு, 34 கட்டில். நைட்டில் ஸ்டாஃப் இரண்டு பேர். இன்னொருத்தி சி.டி. ஸ்கேனுக்குப் போன நோயாளியோடு போய்விட்டாள், ஆக நீ ஒருத்தி. மணி மூன்று. மற்றவர்கள் தூங்க வேண்டுமென்று பெரிய விளக்கை அணைத்தாயிற்று. குடியை நிறுத்திய நடுக்கத்தில் இருக்கிற ஆளுக்கு ரத்தம் எடுக்க வேண்டும், அவர் கையை இழுத்துக்கொண்டே இருக்கிறார். எடுத்து முடித்தாய். பயன்படுத்திய ஊசியைப் போட டிராலியில் இருக்கும் வெள்ளை டப்பா கழுத்து வரை நிரம்பிக் கிடக்கிறது. இன்னொரு டப்பா டிரெஸ்ஸிங் ரூமில், ஆறு கட்டில் தாண்டி. கையில் திறந்த ஊசி. மூடியைப் போடப் பார்த்தாய், குத்திவிட்டது.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது என்று உனக்குத் தெரியாதா? முதல் வருடப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பாய். அப்புறம் ஏன் மூடினாய்? திறந்த ஊசியை வைத்துக்கொண்டு இருட்டில் ஆறு கட்டிலைத் தாண்டி நடப்பது அதைவிட ஆபத்து என்று உன் மூளை கணக்குப் போட்டது. அந்த நேரத்தில் அந்தக் கணக்கு சரிதான். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும், உன் இன்சார்ஜ் சிஸ்டர் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். டப்பா முக்கால் நிரம்பியதும் மாற்ற வேண்டும், அதை மாற்றாதது நீயா? 34 பேருக்கு இரண்டு பேர் என்று டியூட்டி லிஸ்ட் போட்டது நீயா? போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொன்ன அளவு. அந்த அளவை நான் எந்த நைட்டிலும் கண்ணால் கண்டதில்லை. நீயும் கண்டிருக்க மாட்டாய்.

இன்சார்ஜ் சிஸ்டர் "பார்த்துப் பண்ணக் கூடாதாம்மா" என்றாராம். அவரைத் திட்டாதே. அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் அதே கேள்வியைக் கேட்பார், அந்த மேலிருப்பவரிடம் அவருக்கும் மேலே ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் கையில் ஊசியோடு நிற்கிறவளிடம் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

இல்லை, இருக்கிறது. ஆயாம்மா இருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கண்ணாடி சிரிஞ்சுதான். காலையில் ஸ்டெரிலைசரில் போட்டுக் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்து, ஊசி மொட்டையாகிவிட்டதா என்று பஞ்சில் இழுத்துப் பார்ப்போம். கையுறை ஓ.டி.க்கும் பிரசவ அறைக்கும் மட்டும், அதையும் கழுவிப் பவுடர் போட்டு மறுபடி மாட்டுவோம். மஞ்சள் காமாலை வந்து லீவு போடும் ஸ்டாஃப் இல்லாத வருடம் கிடையாது. கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்துவிடுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, தண்ணீர் சரியில்லை என்று முடித்துவிடுவோம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதல் முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் வந்த பயத்தில்தான் கையுறையும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிரிஞ்சும் வார்டு வார்டாகப் பரவின. பயந்தது எச்.ஐ.வி.க்கு, தப்பித்தது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் பி-யிலிருந்து. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு உனக்கும் தெரிந்திருக்கும். நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்ற வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை, சி தொற்ற சுமார் 3, எச்.ஐ.வி. தொற்ற 0.3. சி-க்கு இப்போது அதைவிடக் குறைவு என்கிறார்கள். நீ விடியும் வரை பயந்தது அந்த 0.3-க்கு. மாத்திரையும் போட்டுவிட்டதால் அது இன்னும் கீழே போய்விட்டது. 30-ஐப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் தடுப்பூசி பற்றிக் கேட்டபோது "கோர்ஸ் படிக்கும்போதே போட்டாச்சு பெரியம்மா" என்றாய். எத்தனை டோஸ்? முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று. இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறந்த பிள்ளைகள் நிறைய. ஆறாவது மாதம் வரும்போது பரீட்சை லீவாக இருக்கும். மூன்றும் போட்டிருந்தாலும் சிலர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகாது. ரத்தத்தில் அதன் அளவைக் காட்டும் டைட்டர் பார்த்தால்தான் தெரியும், 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. நம் ஊரில் ஊழியருக்குத் தடுப்பூசி போடுகிற ஆஸ்பத்திரியே கொஞ்சம், போட்டபின் டைட்டர் பார்க்கிற ஆஸ்பத்திரியை விரல் விட்டு எண்ணலாம்.

வெளியூர்க் கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 2000-வது ஆண்டில் ஊசிக் காயத்துக்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அந்தச் சட்டம் நர்ஸைப் பார்த்துக் கவனமாக இரு என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. எடுத்தவுடன் முனை தானாக உள்ளே போய்விடுகிற ஊசி மாதிரியான பாதுகாப்பான கருவிகளை ஆஸ்பத்திரி வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று அதைக் கையில் பிடிக்கிற ஊழியரிடம் கருத்துக் கேட்க வேண்டும், ஒவ்வொரு ஊசிக் காயத்தையும் எந்தக் கருவி, எந்த இடம், எப்படி நடந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. அதன்பின் அங்கே ஊசிக் காயங்கள் குறைந்தன. நம் வார்டுகளில் எந்த கேனுலா வாங்குவது என்று நர்ஸை ஒருவரும் கேட்டதில்லை. டெண்டரில் விலை குறைவாகப் போட்டவர் எதைக் கொடுக்கிறாரோ அதுதான் நம் கைக்கு வரும். முனை முறுக்கிக்கொள்ளும் கேனுலா பெட்டி பெட்டியாக வந்த மாதங்களெல்லாம் உண்டு.

ஊசியை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன், ஏனென்றால் மற்றவை எதுவும் "சுருக்" என்று குத்தாது. மெதுவாக வரும், அதனால் நமக்கே தெரியாது.

உங்கள் ஆஸ்பத்திரியில் ஜெனரல் வார்டுக்கும் ஏ.சி. போட்டுவிட்டார்கள் என்று சேர்ந்த புதிதில் பெருமையாகச் சொன்னாய். எனக்கு அன்றே மனசு கேட்கவில்லை. இருமலோடு வருகிறவருக்கு டி.பி. என்று தெரிய நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் மூடிய ஜன்னலுக்குள் அவர் விட்ட மூச்சைத்தான் சுற்றியிருப்பவர்கள் இழுக்கிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். நீ மறுநாளும் வருவாய். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கியபோது டி.பி.க்கு மருந்தே கிடையாது. காற்றும் வெளிச்சமும்தான் வைத்தியம் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். அதனால் வராந்தா, உயர்ந்த கூரை, பெரிய ஜன்னல், சுற்றி மரம் என்று கட்டினார்கள். மருந்து வந்தபின் அது பழங்காலத்து நம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டோம். ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் மிஞ்சியது.

ஆனால் பெரு நாட்டில் லிமா நகரத்து மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறையின் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை முழுசாக மாறுகிறது என்பது கணக்கு. தொற்று நோயாளியை வைக்க இயந்திரத்தால் காற்றை இழுக்கும் தனி அறைக்கு 12 முறை என்பது வழக்கமான அளவு. கதவு ஜன்னலைத் திறந்து வைத்தாலே 28 முறை மாறியது. அதிலும் ஐம்பது வருடத்துக்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த பழைய கட்டடங்களில் 40, புதுக் கட்டடங்களில் 17. பைசா செலவில்லாத ஜன்னல், விலை உயர்ந்த இயந்திரத்தை ஜெயித்துவிட்டது. உங்கள் வார்டு ஜன்னல்களில் கண்ணாடியை நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள் என்றாய். கட்டடம் கட்டும்போது யாராவது ஒரு நர்ஸைக் கேட்டிருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

இதை எழுதும்போது நர்ஸ் லினியின் நினைவு வருகிறது. 2018-இல் கேரளாவில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் காய்ச்சலோடு வந்த ஒருவரைக் கவனித்தார். அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. நோயின் பெயர் தெரிய வருவதற்குள் அது லினிக்கும் தொற்றிவிட்டது, மே 21 அன்று இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த வருடம் அங்கே நிபா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனைகளுக்குள்ளேதான் தொற்றியது. காய்ச்சல்காரரும், அவரைப் பார்க்க வந்தவரும், வேறு நோய்க்குக் காத்திருப்பவரும் ஒரே நடைகூடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்? சீட்டில் "டி.பி.", "எச்.ஐ.வி." என்று எழுதியிருந்தால் மட்டும் மாஸ்க்கும் கையுறையும் தேடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்காது. எழுதாத சீட்டுக்காரரிடமிருந்துதான் நமக்கு வரும்.

இடுப்புவலிக்கு வருகிறேன். உன் அம்மா என்னைக் கிண்டல் செய்வாளே, கட்டிலிலிருந்து எழுந்திருக்க உனக்கு ஒரு நிமிஷம் வேண்டுமா என்று. அது வயசு இல்லை, வேலை. உயரம் மாற்ற முடியாத கட்டிலில் குனிந்து குனிந்து, எண்பது கிலோ ஆளை "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லித் தலைமாட்டுக்கு இழுத்த வேலை. அமெரிக்காவில் இதற்கும் ஓர் அளவு கணக்கிட்டிருக்கிறார்கள். நோயாளியைத் தூக்கும்போது ஒருவர் கையில் 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக் கூடாது, அதற்கு மேல் போனால் கருவி வேண்டும் என்று. பக்கவாதம் வந்தவரின் ஒரு கால்கூட அந்தக் கணக்கை நெருங்கிவிடும். நம் ஊரில் கருவி என்றால் ஆயாம்மாவும், கூட இருக்கிற மகனும், கீழே விரித்த பெட்ஷீட்டும். பெட்ஷீட்டை மட்டமாக நினைக்காதே. இரண்டாக மடித்து அடியில் விட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று சறுக்கி இழுத்தால் தூக்குவதைவிட எவ்வளவோ மேல். தனியாக மட்டும் யாரையும் நகர்த்தாதே. "ஒரு நிமிஷம் இருங்க, ஆள் வரட்டும்" என்று சொல்லக் கற்றுக்கொள். நோயாளி சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும்.

டியூட்டியில் தண்ணீர் குடிக்கிறாயா? கோபப்படாதே, கேட்கிறேன். பாத்ரூம் மாடியில் இருக்கிறது, போனால் வார்டில் ஆள் இல்லை என்று ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை நீர்க்கடுப்பு, அதற்கு டாக்டரைக்கூடக் கேட்காமல் வார்டு ஸ்டாக்கிலிருந்து ஒரு ஆன்டிபயாட்டிக். உட்காரவும் முடியாது. ஜவுளிக்கடை மாதிரிக் கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றத்தில் சட்டமே நிறைவேற்றினார்கள். நர்ஸஸ் ஸ்டேஷனில் இருக்கும் இரண்டு நாற்காலியில் ஒன்றில் ஃபைல், இன்னொன்றில் டாக்டர்.

நைட் டியூட்டி பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உடம்பே சொல்லும். ஒன்று மட்டும் தெரிந்துகொள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலையை 2007-இல் "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற பட்டியலில் சேர்த்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. டென்மார்க்கில் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நெடுங்காலம் இரவு வேலை பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் ஏறக்குறைய 40 பேருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். அவர்களில் நர்சுகளும் விமானப் பணிப்பெண்களும் இருந்தார்கள். இதைச் சொல்வது உன்னைப் பயமுறுத்த இல்லை. நைட் என்பது ஊழியர் தாங்கிக்கொள்ள வேண்டிய தலைவிதி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, வேறொரு ஊரில் அது கணக்குப் பார்த்து ஈடு கொடுக்க வேண்டிய தொழில் ஆபத்தாக இருக்கிறது. உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தொடர்ந்து பத்து, பதினைந்து நைட் என்று போட்டால் ஒத்துக்கொள்ளாதே. நைட் முடிந்து அப்படியே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பைபாஸில் வராதே. பஸ்ஸில் வா, ஜன்னலோரம் தூங்கினாலும் பரவாயில்லை.

மருந்து வாடை, கதிர்வீச்சு எல்லாம் உன் வார்டில் குறைவு, அதனால் சுருக்கமாக. போர்ட்டபிள் எக்ஸ்ரே வந்தால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, இரண்டு மீட்டர் தள்ளிப் போ. எக்ஸ்ரே ரூமில் வேலை செய்கிறவர்களுக்குக்கூட வருடத்துக்குச் சராசரி 20 மில்லிசீவெர்ட் என்று உச்சவரம்பு உண்டு, நெஞ்சில் பேட்ஜ் உண்டு. உனக்குப் பேட்ஜே கிடையாது. கீமோ மருந்தை வார்டு மேஜையில் வைத்துக் கலக்கச் சொன்னால் கலக்காதே. அதற்குக் காற்றை உறிஞ்சும் கேபினட் இருக்கும் அறை வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு புற்றுநோயை ஆற்றவும் செய்யும், கலக்குகிறவருக்கு உண்டாக்கவும் கூடும். எண்டோஸ்கோபிக்கு மாற்றினால் கருவிகளை ஊறவைக்கும் சைடெக்ஸ் வாளி இருக்கும் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று முதலில் பார். அந்த வாடையிலேயே இழுப்பு வந்தவர்கள் உண்டு.

அடுத்து அடிதடி விஷயம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஒரு பயிற்சி டாக்டரை ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொன்றதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது. நீண்ட டியூட்டிக்கு நடுவில் செமினார் ஹாலில் போய்ப் படுத்திருந்தாள். பூட்டுப் போட்ட ஓய்வறை ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு நர்ஸும் அன்று நினைத்திருப்போம். அதே வருடம் நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டரை நோயாளியின் மகன் குத்தினான். மருத்துவமனை ஊழியரைத் தாக்கினால் தண்டிக்க நம் மாநிலத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் நான் வார்டில் பார்த்தது வேறு. என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் கை ஓங்குகிறார்கள். ஸ்ட்ரெச்சரில் அப்பாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக நிற்கிறவனிடம் டாக்டர் வந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கத்தியிருக்க மாட்டான். டாக்டர் ஓ.டி.யில் இருப்பார், கண்ணில் படுகிறவள் நீ. விசாரித்துச் சொல்ல ஒரு தனி ஆள், ஒரு நோயாளிக்கு ஒரு அட்டெண்டர் என்ற கட்டுப்பாடு, நைட்டில் வார்டு வாசலில் செக்யூரிட்டி, இதெல்லாம் உங்கள் ஆஸ்பத்திரிக்கு முடியாத செலவு இல்லை. வரவேற்பறை நீரூற்றுக்குச் செலவழித்திருக்கிறார்களே.

இப்போது ஆயாம்மா. நீ பாதி மூடி, அவசரத்தில் சிவப்புப் பையில் போட்டுவிடுகிற ஊசி அவருடைய கையில்தான் குத்தும். உனக்காவது யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியும், அந்த நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்கலாம், மருந்து தேவையா என்று முடிவு செய்யலாம். பையைக் கட்டும்போது அவருக்குக் குத்தியது யாருடையது? யாருக்கும் தெரியாது. காய்ந்த ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். அவர் கான்ட்ராக்ட் ஆள். குத்தியதைச் சொன்னால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்பார்களோ என்று சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் போய்விடுவார். மருத்துவக் கழிவுகளுக்கான 2016-ம் ஆண்டு விதியில் தெளிவாக இருக்கிறது: கழிவைத் தொடுகிற எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், வேலையில் சேரும்போதும் பிறகு வருடம் ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். எல்லோருக்கும் என்றால் கான்ட்ராக்ட் ஆளுக்கும்தான். உன் வார்டு ஆயாம்மாவிடம் கேட்டுப் பார், தடுப்பூசி போட்டார்களா என்று. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேள்.

இனி "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாயே, அதற்கு வருகிறேன். தெரிய வேண்டும், எழுத்தில் தெரிய வேண்டும். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு ஓர் அட்டவணை இருந்தது. அதில் முதலாவதாக நின்றது தொற்று அபாயம் உள்ள வேலையில் வரும் தொற்று நோய், மருத்துவமனை வேலையும் ஆய்வக வேலையும் அதற்குள் வந்தன. 2020-இல் நிறைவேறி, இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த அட்டவணை இருக்கிறது. நாளைக்கு உனக்கு ஏதாவது வந்தால், அது வேலையில் வந்தது என்று காட்ட அன்றைய தேதியிட்ட காகிதமும், அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையும் வேண்டும். குத்திய நாளில் உனக்கு ஒன்றும் இல்லை என்று நிரூபிக்க அது ஒன்றுதான் சாட்சி. காகிதம் இல்லாவிட்டால் எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்தாள் என்பார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணை அதற்கு மேலும் சொல்வார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1847-இல் வியன்னாவில் கோலெட்ஷ்கா என்ற பேராசிரியர் பிரேதப் பரிசோதனை செய்யும்போது, ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் கீறிவிட்டது. ஜன்னி கண்டு இறந்துபோனார். அவர் உடலைப் பரிசோதித்து எழுதிய குறிப்பை அவருடைய நண்பர் செம்மல்வைஸ் படித்தார். பிரசவத்துக்குப் பின் சாகிற தாய்மாரின் உடம்பில் இருப்பது அப்படியே அதில் இருந்தது. பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் டாக்டர்கள் கையிலிருந்துதான் தாய்மாருக்கு நோய் போகிறது என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. கை கழுவச் சொன்னார், சாவு குறைந்தது. நாம் தினம் நூறு முறை கை கழுவுகிறோமே, அது ஒரு ஊழியருக்குப் பட்ட கீறலை ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்ததால் வந்தது. நீ எழுதாவிட்டால் உங்கள் ஆஸ்பத்திரி கணக்கில் அந்த மாதம் ஊசிக் காயம் பூஜ்யம். பூஜ்யம் என்று இருக்கும் இடத்தில் இரண்டாவது டப்பாவுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஆகையால் எழுது. "கவனக்குறைவால்" என்ற வார்த்தையை அதில் போடாதே, அவர்கள் சொன்னாலும் போடாதே. தேதி, நேரம், வார்டு, எத்தனை நோயாளி, எத்தனை ஸ்டாஃப், விளக்கு அணைந்திருந்தது, டிராலி டப்பா நிரம்பியிருந்தது, அடுத்த டப்பா எத்தனை கட்டில் தள்ளி என்று நடந்ததை மட்டும் எழுது. கடைசி வரியில் டிராலிக்கு ஒரு டப்பா வேண்டும், முக்கால் நிரம்பியதும் மாற்ற ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று கேள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் முதலில் காட்டு, அவரையும் கையெழுத்துப் போடச் சொல். அவருக்கும் அதே டப்பாதான். தொற்றுத் தடுப்புக் கமிட்டிக்கு ஒரு நகல், மெடிக்கல் சூப்பரின்டெண்டென்ட் ஆபீசுக்கு ஒன்று, முத்திரை வாங்கின நகல் உன் கையில்.

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று ரத்தப் பரிசோதனை நாட்களைக் காலண்டரில் குறித்துவிடு. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டு வா என்று அவள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ நல்ல நர்ஸ். டைட்டருக்கு நாளைக்கே ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டையும் முத்திரை போட்ட நகலையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியம்மா